கதவுக்குப் போன கை

ஆவணி 14, செவ்வாய்

ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் இன்று நிலவில் இறங்கும் ஒத்திகை. சோதனைக்காக மாதிரிக் கலத்துக்குள் படாரென்று ஒரு சத்தம் எழுப்பினார்கள். உடன் இருந்த ரவி அசையவில்லை. நான் இருக்கை வாரைக் கழற்றி எறிந்து கதவைத் திறந்துவிட்டேன்.

“வெளியே காத்து கிடையாது. ரெண்டு பேரும் செத்துட்டீங்க,” என்றார் பயிற்சியாளர்.

சத்தம் கேட்டால் வெளியே ஓடு என்றுதான் பட்டாசு ஆலைக்குப் போகும் அம்மா என்னை வளர்த்தாள்.

சாயங்காலம் தாயில்பட்டியிலிருந்து போன் செய்தாள். “பக்கத்து ரூம்ல மருந்து பத்திக்கிருச்சு தாயி. திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன். அதான் இன்னைக்கு உசுரோட பேசுறேன்.”

நாளைக்கும் அதே ஒத்திகை. சத்தம் கேட்டதும் நான் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

தெருவில் யாரோ வேட்டு போடுகிறார்கள். இந்த வரியைக் கதவருகே நின்றுதான் எழுதுகிறேன்.