பெரியப்பா கொண்டுவரும் வேர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நாங்கள் நலம். சித்தி தூங்கியபின் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று பெரியப்பா நம் பேக்கரிக்கு வந்து, கல்யாணச் சமையலுக்கு அடுப்பைக் கேட்டார். பழைய அடுப்பு இப்படிப் போய்த்தான் திரும்பவில்லை. சொந்தக்காரர் கேட்டால் நம்மால் இல்லையென்று சொல்ல முடியுமா? சித்தி சிரித்துக்கொண்டே, "அடுப்பு என்னோடது இல்ல அத்தான், கம்பெனியோடது. நானே இங்க வேலைக்காரிதான்" என்றாள்.

"யாரு அந்தக் கம்பெனி? கூப்பிடு அவனை, நானே கேட்டுக்கறேன்!"

"லிமிடெட் கம்பெனின்னு பதிவு பண்ணியாச்சு. அக்காவும் பங்குதாரர். ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

அதனால் வெள்ளிக்கிழமைப் படகில், கரைத்துக் குடிக்கும் அந்த யங்கோனா வேரோடு உன் தீவுக்கு வருகிறார். நம் ஊர் வழக்கப்படி, கேட்டு வருபவர் நீட்டும் வேரை வாங்கினாலே சம்மதித்ததாகிவிடும். அடுப்பு போனால் கடை இல்லை, எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பெரியவரை மறுக்கச் சொல்வது தப்புதான். ஆனாலும் சொல்கிறேன்: வேரைத் தொடாதே.

நீ காய்ச்சிய தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. கடை எண்ணெயில் உன் வாசனை இல்லை.

சித்தி புரண்டு படுக்கிறாள். பெரியப்பாவுக்கு முன்பே இது உனக்குக் கிடைக்க, நாளைப் படகில் உங்கள் தீவுக்கு வரும் எங்கள் பள்ளி டீச்சரிடம் தருகிறேன். கம்பெனி யாரென்று பெரியப்பா மறுபடியும் கேட்பார். "நான்தான்" என்று சொல், அம்மா.

லவேனியா