மேல்வீட்டுத் தண்ணீர்

மேல்வீட்டுத் தங்கச்சிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேகம் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதே தவிர, பெய்கிற எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த வறண்ட காற்றில் தொட்டி மண் கல்லாகிவிடும். அதில் மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் ஓரமாக இறங்கி ஓடிவிடும், வேர் நனையாது. முதலில் குச்சியால் மண்ணைக் கிளறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. மேலே தேங்காய் நார் பரப்பினால் ஈரம் நிற்கும். நாரை ஒரு பையில் போட்டு உன் வாசலில் வைத்திருக்கிறேன்.

உன் தக்காளிச் செடியின் இலைகள் பழுத்து என் பால்கனியில் விழுகின்றன. பெருக்கி மாளவில்லை.

அன்றைக்கு மாடிப்படியில் நாலு பேர் முன்னால் நான், "செடி வளக்குறியா, என் துணிய நனைக்கிறியா?" என்று கேட்டது உண்மைதான். உன் தொட்டித் தண்ணீர் சொட்டி என் துணி நனைந்ததும் உண்மைதான். "இனிமே ஒரு சொட்டு விழாதுக்கா" என்றாய். விழவில்லை. சொன்ன சொல் தவறாதவள் என்று பெயரெடுக்க உனக்கு அந்தச் செடிகள்தானா கிடைத்தன? சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்த வீம்பு. "நீயே மேல போய்ச் சொல்லேன்" என்கிறார் உன் அத்தான். அவருக்கென்ன, சொல்லிவிடுவார்.

துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டேன். அது இருந்த இடத்தில், உன் தொட்டிகளுக்கு நேர் கீழே, ஒரு மிளகாய் நாற்று வைத்திருக்கிறேன்.

அதற்கு நான் தண்ணீர் ஊற்றப்போவதில்லை.

இப்படிக்கு,
கீழ்வீட்டு அக்கா