உங்கள் அளவு சரியாகத்தான் இருந்தது

அக்கா,

இன்று காலை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம், நாலு மாத்திரை கொண்ட சின்ன அட்டையைக் கொடுத்துக் கடைக்காரர் சொன்னார்: "விட்டமின் டி. வாரத்துக்கு ஒண்ணுதாங்க, தெனமும் போட்டுடாதீங்க." உடனே நீங்கள் என் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். வாங்க வந்ததை மறந்து வெளியே வந்து, ஸ்கூட்டர்மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன மழைக்காலத்தில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

எங்கள் டவுன்ஷிப் வாசலில், ஆர்ச் கேட் பக்கத்து லேபில் ரத்தம் எடுப்பவராகத்தான் உங்களை முதலில் பார்த்தேன். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டு அடிக்கடி கை நீட்ட வருபவள் நான். மற்றவர்கள் நரம்பு கிடைக்காமல் திண்டாடுவார்கள்; உங்களுக்கு ஒரே குத்து. ஒருநாள் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னீர்கள், நீங்களும் இரண்டு முறை ஐ.வி.எஃப். செய்துகொண்டவர், இரண்டு முறையும் கரு நிற்கவில்லை, அதோடு விட்டுவிட்டீர்கள் என்று.

முதல் முறை எனக்குக் கரு தங்காமல் போனதும் லேபுக்கு வருவதை நிறுத்தினேன். போனையும் எடுக்கவில்லை. கணவர் நிலக்கரி மைன்ஸுக்கு ஷிப்டு போனதும் கதவைத் தாழிட்டுப் படுத்துக்கொள்வேன். பத்து நாள் பார்த்துவிட்டு நீங்களே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தீர்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலைக் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. விட்டமின் டி மிகவும் குறைவு, எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"இத முடிச்சியா?"

இரண்டு வாரத்தோடு நிறுத்தியிருந்தேன். அத்தனை ஊசிகளுக்கு நடுவே ஒரு சத்து மாத்திரை என்ன செய்துவிடும் என்ற அலட்சியம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன், நானே கெடுத்துக்கொண்டேனோ என்று.

"அதனாலதான் நிக்கலன்னு நீயா முடிவு பண்ணிக்கினு அழுவாத. டாக்டராண்ட கேப்போம்."

மறுவாரம் லீவு போட்டுவிட்டு என்னோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். டாக்டர் நிதானமாக விளக்கினார். விட்டமின் டி போதுமான அளவு உள்ள பெண்களுக்குச் சிகிச்சை சற்றுக் கூடுதலாகப் பலிப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சில அப்படிச் சொல்லவில்லை. மாத்திரை போட்டால் கரு நிற்கும் என்று உறுதி தர முடியாது. ஆனாலும் குறைவைச் சரிசெய்துகொண்டு போவது உடம்புக்கு நல்லது என்றார்.

அதன்பின் எட்டு ஞாயிறு, டியூட்டிக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கி, நான் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். ஒரு ஞாயிறு மழையில் தெப்பமாக நனைந்து வந்தீர்கள். சீக்கிரம் ஏறட்டுமே, தினம் ஒன்று போடலாமா என்று என் கணவர் கேட்டபோது, அளவு மீறினால் அதுவும் கெடுதல் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள்.

ரத்தத்தில் விட்டமின் அளவு சரியானது. இரண்டாம் முறை கரு தங்கியது. மகள் பிறந்தாள். நீங்கள் பார்க்க வந்தபோது, உங்கள் மாத்திரைதான் இவள், எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். குழந்தையை மடியில் வாங்கி, வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தீர்கள்.

"அப்படிச் சொல்லாத. எனக்கு ரெண்டு வாட்டியும் அளவு சரியாத்தான் இருந்துச்சு. மாத்திரைதான்னு நீ சொல்லிக்கினு திரிஞ்சா, கரு நிக்காதவ, நாம என்ன தப்பு பண்ணோம்னு தேடிக்கினு கெடப்பா."

குரலில் கசப்பே இல்லை. அந்த எட்டு ஞாயிறும் இதைத் தெரிந்துகொண்டேதான் என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு ஞாயிறுகூட வந்திருக்க மாட்டேன், அக்கா.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் எங்கள் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த பெண், கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தையில்லை, நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். டாக்டரிடம் சொல்லி விட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள், குறைவென்றால் அவர் சொன்னபடி முழுதும் சாப்பிடு என்றேன். பிறகு, "நின்னாலும் நிக்காட்டாலும் உன் மேல தப்பில்ல" என்றேன்.

கிளம்ப எழுந்து நின்றிருந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இதுவரை யாரும் தன்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்றாள்.

எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்கிறார் என்றேன்.