வாசலில் நீ ஏற்றிய கொடி

வாண்டா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. பஸ் ஓட்டக் கிளம்புகிறேன்.

நேற்றுக் காலை, "என் தொப்பியைத் துவைச்சிட்டியா? இனி எங்க ஆளுங்க ஜெயிச்ச மாதிரிதான்!" என்று கத்திவிட்டுப் போனேன். ஊரின் வடக்கு அணியும் தெற்கு அணியும் மோதும் பேஸ்பால் தொடர் முடியும்வரை தொப்பியில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் அதிர்ஷ்டம் போய்விடும். சிகாகோவில் பிறந்த உனக்கு இது தெரியாதா? அதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

ஆனால் நாள் முழுக்க வண்டியில் இருந்ததால், ஆட்டம் என்ன ஆனதென்றே தெரியாமல் வந்தேன். தெருமுனை திரும்பினால், நம் வாசலில், எங்கள் வடக்கு அணி ஜெயித்தால் ஏற்றும் வெற்றிக் கொடி! தோற்றது உன் தெற்குப் பக்கத்து அணி. ஏற்றியது நீ.

கீழ்வீட்டு டோலோரஸ் சொன்னாள்: "பல்லைக் கடிச்சுக்கிட்டே ஏத்துனா. 'தொலையட்டும், அந்த மனுஷன் தெருமுனையிலேயே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்'னா."

உள்ளே வந்து உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தச் சீட்டு. நன்றி, கண்ணு.

மதியம் ஆட்டம் பார்க்க உன் தம்பி ஸ்டான் வருகிறான். சாசேஜ் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணினால் போதும். கெட்சப் கேட்டால் கொடுக்காதே, சிகாகோக்காரன் மாதிரி கடுகு சாஸ் போட்டுத் தின்னட்டும்.

எம்மெட்

பி.கு. உங்கள் அணியின் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. இன்றும் நாங்கள் ஜெயித்தால் கொடியைத் தொடாதே. எதிரணிக் கொடியை நீயே ஏற்றினாய் என்று ஸ்டான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். யார் ஜெயித்தது என்று உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.