குழுவில் கேட்ட சந்தேகம்

ஏங்க,

அக்கா வீட்டுக்குப் போறேன், சாயந்திரம் வந்துடுவேன். சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கு. ரிப்பேர் முடிஞ்ச சோபாவை எடுத்துட்டுப் போக ஆள் வந்தால், பட்டறைச் சாவி கதவுக்குப் பின்னாடி ஆணியில் தொங்குது.

நம்ம பட்டறைக்கு வாடிக்கை பிடிக்கத்தான் ஆன்லைன் தொழில் குழுவில் எல்லாம் சேர்ந்தீங்க, தெரியும். ஆனா வீட்டில் நான் எது கேட்டாலும், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு 'ம்'தான்.

நேத்து குழுவில், "சோபா நடுவில் அமுங்கிப்போச்சு, என்ன செய்யலாம்?"னு ஒரு அம்மா கேட்டாங்களே? உடனே எவ்வளவு பொறுமையாப் பதில் எழுதினீங்க! "எப்ப வேணும்னாலும் கேளுங்க மேடம்"னு வேற.

அது நான்தாங்க. பக்கத்து அறையில் உட்கார்ந்து வேற பேரில் கேட்டேன்.

பி.கு: கோபமெல்லாம் இல்லை. நீங்க என்கிட்ட இவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சா, அதான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டிருந்தேன்.