இடது காதுப் பக்கம்

பிப்ரவரி 9, ஞாயிறு. மந்தைவெளி.

காலையில் பனி. பெட்டி கட்டும் வேலை. பாஸ்போர்ட் இரண்டு, பிரஷர் மாத்திரை, குடை, புளிக்காய்ச்சல் (ராஜியின் பிடிவாதம்). நாளை கொழும்பு. பத்து நாள் இலங்கை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். போன வாரம் அடையாறு காது டாக்டர் சொன்னது: வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது பாதி. மெஷின் வைக்க வேண்டும். இரண்டு வருஷமாகவே எனக்குத் தெரியும். ராஜிக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குக் காது போனதும் வீட்டில் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டுக் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள். ராஜியும்தான். அவள் என்னிடம் பேசாமல் கையை ஆட்டுவதை நினைத்தாலே என்னவோ செய்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய். சிகிரியா.

வெயில், பலத்த காற்று. பாறை மேல் ஏறினோம். முழங்கால் வலி இரண்டு பேருக்கும். பாதி வழியில் பாறைச் சுவரில் ஓவியப் பெண்கள், கையில் பூ. மேகத்திலிருந்து இடுப்பு வரை எழுந்து நிற்கிறார்கள்.

ராஜி ஏதோ சொன்னாள். "...வருஷமா... அப்படியே... யாரு..." மீதி காற்றோடு போயிற்று. "ஆமாம்" என்றேன். ஆமாம், அப்படியா, பார்க்கலாம். இந்த மூன்றை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

உச்சியில் ஒரு குளம். அதில் வானம். சத்தமே இல்லாத உலகம். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன். கண்டி.

தூறல். ஏரியைச் சுற்றி நடை. அவளுக்கு வலப்பக்கமாக நடந்தேன், என் இடது காது அவள் பக்கம் இருக்கும்படி. மாலை கோயிலில் மேளம். காதை விட நெஞ்சில் அதிகம் கேட்டது. மாத்திரை மறந்தேன். நாளை மலை ரயில்.

பிப்ரவரி 14, வெள்ளி. எல்ல என்ற மலையூர், ஓட்டல் அறை.



ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்குள் போனது. படம் எடுக்க இறங்கினேன். பிளாட்பாரத்தின் கடைசி வரை போய்விட்டேன். திரும்பினால் தண்டவாளம் காலி.

வடை விற்ற பெண் பக்கத்தில் வந்து கத்தினாள், தமிழில். "அம்மா ரயில் கதவுல நின்னு எவ்வளவு கூப்பிட்டாங்க! விளங்கலியா ஐயா?"

ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்தார். அடுத்த ஸ்டேஷனில் ராஜி இறங்கிவிட்டாளாம். ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் மூடுபனி, யூகலிப்டஸ் மரங்கள், தலையில் கூடைப் பட்டியுடன் தேயிலை பறிக்கும் பெண்கள். எதுவும் நிஜம் போல் இல்லை.

பெஞ்சில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்.

"விசில் ஊதினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கலையே நீங்க!"

"எனக்குக் கேக்கல ராஜி. ரெண்டு வருஷமாவே சரியாக் கேக்கல."

 எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

அவளே தொடர்ந்தாள்.

"போன ஆகஸ்ட்ல, மார்ல கட்டி மாதிரி இருக்கு, ஸ்கேனுக்குப் போகணும், பயமா இருக்கு, கூட வர்றீங்களான்னு கேட்டேன். 'பார்க்கலாம்'னு சொல்லிட்டுப் பேப்பரைத் திருப்புனீங்க. தனியாப் போனேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அதையும் வந்து சொன்னேன். 'அப்படியா'ன்னீங்க."

ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு. காலி நகரம்.

கடல் காற்று. கோட்டைச் சுவர் மேல் நடை. ராஜி பேசி இரண்டு நாள் ஆகிறது. கையும் ஆட்டவில்லை.

கடல் எத்தனையோ நீலம். ஒரு நீலத்தைக்கூட அவளிடம் காட்ட முடியவில்லை.

பின்னால் வந்த சைக்கிள் எனக்குக் கேட்கவில்லை. சட்டென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சைக்கிள்" என்றாள். இன்றைக்கு அந்த ஒரு வார்த்தை.

பிப்ரவரி 20, வியாழன். சென்னை.

நல்ல வெயில். அடையாறில் காது டாக்டர். ராஜியும் வந்தாள். கேள்வியெல்லாம் அவள்தான் கேட்டாள். அடுத்த வாரம் மெஷின்.

வெளியே வந்து ஆட்டோ. ஏறி உட்கார்ந்ததும், "தி.நகர் போப்பா" என்றாள்.

"மந்தைவெளின்னு சொல்ட்டு இப்ப தி.நகர்ன்றியேமா, இன்னாமா நீ?"

"போ, சொல்றேன்."

ஒரு சந்து முனையில் இறங்கினோம். மாடியில் ஸ்கேன் சென்டர்.

"இங்கதான் ஆட்டோல வந்து இறங்கினேன்."

படியேறினோம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். மூன்றாவதைக் காட்டினாள். "இதுல ஒண்ணரை மணி நேரம்." அதில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு கதவு, சிவப்பு விளக்கு. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். வேறு ஒன்றும் இல்லை பார்க்க.

கீழே ஜூஸ் கடை. "ரிப்போர்ட்டை வாங்கிட்டு இங்க வந்து நின்னேன். சாத்துக்குடி பாதிதான் குடிக்க முடிஞ்சுது."

இரண்டு சாத்துக்குடி சொன்னேன்.

"ரொம்ப பயந்துட்டியா?" ஆறு மாதம் கழித்துக் கேட்கிறேன்.

கிளாஸைக் கீழே வைத்தாள். என் இடது பக்கம் வந்து நின்று பேச ஆரம்பித்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பாதி விழவில்லை.

"கேக்கல ராஜி. திருப்பிச் சொல்லு."

சொன்னாள்.