பட்டினி கிடந்த முட்டி

புரட்டாசி 20, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேற்கே மேகம், மழை இல்லை. வலது முட்டி வீக்கம் வற்றவில்லை. பதினெட்டு நாளாக இரண்டு மூங்கில் பட்டை வைத்து, மடங்காமல் நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறேன். விரிசல் விட்ட துடுப்பை அப்படித்தான் கட்டுவோம்.

சனிக்கிழமை என் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட என் முறை. பாடு உள்ளவன் தானே இறங்கி முதல் கம்பு ஊன்ற வேண்டும், ஊர்க் கட்டுப்பாடு. ஊன்றாவிட்டால் பட்டியலில் பெயர் போகும், அண்ணன் மகன் செல்வம் பெயர் ஏறும். வாசலில் வந்து கேட்கிறான்: "இன்னா சித்தப்பா, ஒன்னத் தூக்கினு போவ தனிப் படகு வெக்கணுமா?"

21, செவ்வாய்

பொன்னேரி ஆஸ்பத்திரி. மகள் வசந்தா இழுத்துப் போனாள். பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லை, கண்டக்டரோடு சண்டை. டாக்டர் சின்னப் பெண். கட்டைப் பார்த்ததும், "கால் என்ன மரமா ஐயா?" பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசை. பேசினேன்.

எக்ஸ்ரே: முறிவு இல்லை, தேய்மானம்.

மேசையில் பிளாஸ்டிக் முட்டி. கழற்றிக் காட்டினாள். தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டை. கீழ் எலும்பின் தலை தட்டை. உருண்டை தட்டையில் நிற்காதே என்றேன். அதற்குத்தான் இடையில் பிறை வடிவில் இரண்டு தட்டு. நடுவில் குறுக்காக இரண்டு நார், பக்கத்துக்கு ஒன்று. முன்னால் சில்லு, கப்பி மாதிரி; அது இருப்பதால் காலை நிமிர்த்தச் சதைக்குச் சிரமம் குறைவு.

எலும்பு நுனியை மூடிய குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். சுற்றி ஊறும் நீர்தான் சோறு. மிதித்தால் பிழியும், எடுத்தால் உறிஞ்சும். "அசைக்காம கட்டி வெச்சா அதுக்குச் சாப்பாடு போகாது ஐயா."

திரும்பும்போது கட்டின் மேலேயே கை. "இன்னா நைனா, கோவமா?" என்றாள் வசந்தா. கோபமில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஏரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் ஏறி இறங்கினால்தான் இறால். அதே வேலை என் காலுக்குள், எழுபது வருஷமாக.

22, புதன்

கறிக்கடையில் ஆட்டு முட்டி. சூப்புக்கு என்று வசந்தா நினைத்தாள். மீன் கத்தியால் திறந்தேன். உள்ளே நீர், முட்டை வெள்ளைக்கரு போல, விரலில் நூலாக இழுபடுகிறது. குருத்து: சங்கின் உட்புறம் போல வழவழப்பு. விரல் நிற்கவில்லை. பிறைத்தட்டு இரண்டும் இருந்தன. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி. எரிச்சல். செத்த ஆட்டின் கால், மடக்கினால் இன்னும் ஓசையில்லாமல் மடங்குகிறது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டை அவிழ்த்தேன். தொடை சூம்பியிருக்கிறது. பட்டினி போட்டது நான். பத்து முறை மடக்கினேன். கண்ணில் நீர்.

25, சனி

விடியல். காற்று இல்லை. யாரும் வருமுன் வசந்தாவின் தோளைப் பிடித்துப் படகேறினேன். ஊர்ப் பெரியதனக்காரரும் செல்வமும் பின்னால் இன்னொரு படகில் வந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியதும் உடம்பின் கனம் பாதி போயிற்று. முட்டி மடங்கியது! முதல் கம்பு சேற்றில் ஆழமாக.

"சரிப்பா, பாடு ஒன்னுதுதான்" என்றார் பெரியதனக்காரர்.

"ஏறு சித்தப்பா" என்றான் செல்வம். படகு விளிம்புக்கு முட்டி எழும்பவில்லை. தூக்கிவிடு என்றால் அன்றைக்கு வாசலில் அவன் சொன்னது பலித்துவிடும். "வலை இழுக்குற வரிக்கும் இங்கதான் நிப்பேன். நீ வேலயப் பாரு."

கிழவனுக்குப் பிடிவாதம் என்று சிரித்தார்கள். மூன்று மணி நேரம். தண்ணீருக்கடியில் யாருக்கும் தெரியாமல் மடக்கி, நீட்டி, மடக்கி.